பிள்ளைகளோடு வெளிநாடு: முடிவெடுக்கும்போது நடந்து, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம்

செங்காங் அம்மா:
சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரவாச உரிமை) விண்ணப்பத்துக்கு எல்லாம் தயாராகி ஆறு வாரம் ஆகிறது. இன்னும் அனுப்பவில்லை. காரணம், லிஃப்டில் பார்த்த ஒரு பையன்.

எங்கள் புளோக்கில் பத்தாவது மாடியில் ஒரு தஞ்சாவூர் அக்கா இருக்கிறார். அவர் மகன் 18 வயதில் தேசியச் சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு தேகோங் முகாமிலிருந்து வந்தான். மொட்டைத் தலை, பச்சைச் சீருடை, முதுகில் பெரிய பை. லிஃப்ட் சுவரில் சாய்ந்தவன் நின்றபடியே தூங்கிவிட்டான். அக்கா அவன் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். என் இடுப்பில் என் மகன் இருந்தான்.

"இவனுக்கு எத்தனை வயசும்மா?"

"மூணு அக்கா."

"அப்ப உனக்கு இன்னும் 15 வருஷம் இருக்கு."

கதவு திறந்தது, நான் இறங்கிவிட்டேன். ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரித்தாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பிஆர் வாங்கினால் என் கணவருக்குச் சேவை கிடையாது, எங்கள் வழியாக பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேவை செய்யாமல் பிஆரை விட்டுவிட்டுப் போனால், பிற்பாடு அவன் இங்கே படிக்கவோ வேலைக்கோ வர நினைக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். மகளாக இருந்திருந்தால் விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பியிருப்போம். பள்ளியில் தமிழ் பாடமாக இருக்கிறது, ஊருக்கு நாலு மணி நேரம் சொச்சம்தான். "பெரியவனானதும் அவனே முடிவு பண்ணட்டும்" என்கிறார் கணவர். ஆனால் அவன் பெயரை எழுதப்போவது நாங்கள்தானே?

இசார்க்கரை:
லிஃப்டில் பார்த்ததை வைத்து ஒரு நாட்டை எடை போடாதீர்கள் சகோதரி. உங்களுக்கு 15 வருடம் முன்பே தெரிகிறது. எங்களுக்கு 20 மாதம்தான் கிடைத்தது, அதுவும் தெரியாமலே ஓடிவிட்டது.

மகள் மூன்றாம் வகுப்புத் தொடக்கத்தில், செப்டம்பரில் மியூனிக் வந்தாள். ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் நாலாம் வகுப்பு மே மாதத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33க்குள் இருந்தால் கிம்னாசியம், நேரே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் பள்ளி. 2.66 வரை ரியால்ஷூலே, பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளி. இங்கே 1 தான் சிறந்த மதிப்பெண். அவள் கணக்கில் 1, சுற்றுப்புறத்தில் 3, ஜெர்மனில் 4 வாங்கினாள். சராசரி 2.66. ரியால்ஷூலேதான்.

அன்று மாலை தாத்தாவுக்கு வீடியோ காலில் சான்றிதழைக் காட்டினாள். ஜெர்மனுக்கு நேரே இருந்த 4-ஐக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டினாள். அவர் அதை ரேங்க் என்று நினைத்து, "ஒண்ணு, மூணா! சபாஷ்டா கண்ணு" என்றார். அவள் விரலை எடுக்கவே இல்லை. ஃபோனை வைத்த பிறகும் எடுக்கவில்லை.

பி1 என்ற ஜெர்மன் மொழிச் சான்றிதழ் இருந்ததால், ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் 21 மாதத்தில் எனக்கு நிரந்தர அனுமதி கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுடைய 20 மாதத்தை எண்ணவில்லை.

நொய்யல்:
இசார்க்கரை, நாலாம் வகுப்பில் குழந்தைக்கு 10 வயதுதான். அதற்குள் இவ்வளவு கலங்க வேண்டாம்.

என் கதை சின்னது. கனடாவில் குடியேற வயது, படிப்பு, ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, அதிகம் உள்ளவர்களை அழைப்பார்கள். அதற்கு நான் ப்ரொஃபைல் போட்டபோது எனக்கு வயது 39. 40-வது பிறந்தநாள் அன்று பெரியவள் கேக் ஊட்டிவிடுகிறாள், நான் ஃபோனில் புள்ளியைப் பார்க்கிறேன், 5 குறைந்திருக்கிறது. அழைப்பு வரவே இல்லை. இப்போது 42.

இனி யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். கனடாவுக்குத் துணையோடு விண்ணப்பித்தால் 20 முதல் 29 வயது வரை வயதுக்கு 100 புள்ளி. அதன் பிறகு வருடத்துக்கு 5 குறையும், 40 தாண்டினால் பத்துப் பத்தாக இறங்கும், 45-ல் ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் கணவன், மனைவி இருவரையும் தனித்தனியே முதன்மை விண்ணப்பதாரராக வைத்துக் கணக்குப் போடுங்கள். நான் என்னை மட்டும்தான் போட்டேன். மனைவி என்னைவிட நாலு வயது இளையவள், முதுகலை படித்தவள். அவள் பெயரில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு. கேட்பதில் 8, மற்ற மூன்றில் 7 வாங்கிவிட்டால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துப் புள்ளி ஏறும். 6.5 வந்தால் சோம்பல்படாமல் திரும்ப எழுதுங்கள். மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும். முக்கியமாக, வேலை உத்தரவுக்குக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். புள்ளிக்காக உத்தரவு வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்திரேலியா என்றால் 33 முதல் 39 வரை வயதுக்கு 25 புள்ளி, 40 ஆனதும் 15. அங்கேயும் 45 தான் எல்லை.

நாஞ்சில் செவிலி:
நொய்யல் அண்ணா, செங்காங் அக்கா புள்ளிக் கணக்கு கேட்கவில்லை. சிலருக்குக் கணக்கெல்லாம் சரியாக வந்தும் முடிவெடுக்க முடியாது.

நர்ஸ்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதி இரண்டு முறை போய்விட்டது. அதனால் நர்ஸாக இல்லாமல், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான கேர் விசாவில் இங்கிலாந்து போகலாம் என்று முடிவு செய்தோம். கணவர், 2 வயது மகள், நான், மூன்று பேரும். 2024 ஏப்ரலில் ஏஜென்ட் கூப்பிட்டார். மார்ச் 11 முதல் கேர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாதாம். டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஜனவரியில் எங்களிடம் இரண்டரை லட்சம் வாங்கும்போது அவர் அதைச் சொல்லவில்லை.

மகள் அவர் மேசைக் காலண்டரில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அதை மெதுவாக அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டே, "நீங்க மட்டும் போங்க சிஸ்டர். பிள்ள பாட்டிகிட்ட வளரட்டும், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது.

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கையெழுத்துப் போட்டாள். இப்போது அவள் வீட்டுக்கு மாடி எழும்பிவிட்டது. அவள் மகனும் என் மகளும் ஒரே எல்கேஜி. பெற்றோர் கூட்டத்துக்கு அவன் பாட்டி வருவார். டீச்சர் பேசுவதை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார், இங்கிலாந்தில் இருக்கும் தன் மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்ப. நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றை என்னவோ செய்கிறது.

செங்காங் அம்மா:
படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. இசார்க்கரை அண்ணா, மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?

இசார்க்கரை:
ஏழாம் வகுப்பு. பத்து முடித்து எஃப்ஓஎஸ் என்ற மேல்நிலைப் பள்ளி வழியாக 13 வரை போனால், பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய அபிடூர் தேர்வு எழுதலாம், கதவு மூடவில்லை. ஜெர்மனில் போன முறை 2 வாங்கினாள். கணக்கு 3 ஆகிவிட்டது.