டெங்கு பட்டை: பஃபரில் தெரியும் கோடு சீரத்தில் மறைகிறது

மாணவி:
வணக்கம். டெங்கு வைரஸ் நோயாளியின் இரத்தத்தில் விடும் என்எஸ்1 புரதத்தைக் கண்டறியும் காகிதப் பட்டையை எட்டு மாதங்களாக உருவாக்கி வருகிறேன். கோட்டுக்குச் சிவப்பு நிறம் தர 40 நானோமீட்டர் தங்கத் துகள், திரவம் ஊர்ந்து செல்ல நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு. மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்எஸ்1 கலந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாத கரைசல்) என்எஸ்1 இருப்பதைக் காட்டும் சோதனைக் கோடு தெரிகிறது. அதே அளவைச் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கலந்தால், பட்டை வேலை செய்வதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டுமே வருகிறது. தங்கத்தை இரட்டிப்பாக்கினேன், சவ்வு முழுவதும் சிவந்ததுதான் மிச்சம். எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
தங்கத்தைக் கூட்டாதீர்கள். கோடும் பின்புலமும் சேர்ந்தே சிவந்தால் கண்ணுக்கு என்ன பயன்? உப்புச் சோதனை செய்தீர்களா? ஆன்டிபாடி (என்எஸ்1-ஐப் பற்றும் புரதம்) ஏற்றிய தங்கக் கரைசலில் 10 சதவீத உப்புநீர் சேர்த்துப் பாருங்கள். நிறம் நீலமானால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, பூச்சு போதவில்லை.

மாணவி:
செய்தேன். சிவப்பு மாறவில்லை.

பதில் 2:
சவ்வில் 4 சென்டிமீட்டர் நனைய எத்தனை விநாடி ஆகிறது?

மாணவி:
75.

பதில் 2:
இது வேகமான சவ்வு. ஆன்டிஜென், அதாவது என்எஸ்1, கோட்டைக் கடக்கும் நேரம் மிகக் குறைவு, பிடிபடாமல் ஓடிவிடும். 180 விநாடி வகைக்கு மாறுங்கள். சோதனை நேரம் நீளும், ஆனால் கோடு அடர்த்தியாகும். கோட்டைத் தங்கம் வைத்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டாலும் தங்கமும் என்எஸ்1-உம் பிணைய அவகாசம் கிடைக்கும். வெள்ளிப் பூச்சால் கோட்டைக் கருமையாக்கச் சிலர் சொல்வார்கள். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கூடுதல் கரைசலும் கூடுதல் படியும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 3:
சவ்வு ஒருபுறம் இருக்கட்டும். பஃபரில் தெரிந்தது சீரத்தில் ஏன் தெரியவில்லை என்பதல்லவா கேள்வி! அந்தச் சீரம் யாருடையது? முன்பு டெங்கு வந்தவர் என்றால் அவர் இரத்தத்தில் என்எஸ்1-க்கு எதிராக உடலே உருவாக்கிய ஐஜிஜி வகை ஆன்டிபாடி இருக்கக்கூடும். நீங்கள் கலக்கும் புரதத்தை அது பற்றிக்கொண்டால் உங்கள் ஆன்டிபாடிக்குப் பிடி கிடைக்காது. இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களிடம் என்எஸ்1 சோதனைகள் தவறவிடுவதற்கு இது முக்கியக் காரணம். தீவிர டெங்குவுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களும் அவர்களே. ஆகவே இதைத் தள்ளிவிடாதீர்கள். அமிலத்தால் பிணைப்பை விடுவித்து, பிறகு நடுநிலையாக்கிச் சோதியுங்கள்.

மாணவி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று தன்னார்வலர்களின் சீரத்தைத் தனித்தனியே பார்த்தேன். ஐஜிஜி இல்லாத ஒன்றில் பழைய சவ்விலேயே கோடு வந்தது. மற்ற இரண்டிலும் அமிலத்துக்குப் பிறகு மெல்லிய கோடு தெரிகிறது. இத்தனை நாள் மூன்றையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தேன். 180 விநாடிச் சவ்வு நாளை வருகிறது. அதிலும் பார்த்து எழுதுகிறேன். மிக்க நன்றி ஐயா.