சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்துக்கு யோசனை வேண்டும்

வணக்கம். மதுரை அண்ணா நகரில் சொத்து மதிப்பீட்டாளராகத் தொழில் செய்கிறேன். வங்கிக் கடன், பாகப்பிரிவினை, விசா, வருமான வரி ஆகியவற்றுக்கு மதிப்பீட்டு அறிக்கை தருகிறோம். எங்கள் இணையதளத்தைப் பார்த்து அழைப்பவர்களில் பாதிப்பேர் மனை விற்பனைக்கு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் தரகர்கள் அல்ல என்பதை முகப்பிலேயே, மனம் நோகாதபடி எப்படிச் சொல்வது?

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 1.4.2001-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும்போது, மூலதன ஆதாய வரிக் (விற்ற லாபத்தின் மீதான வரி) கணக்கில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பை அது தாண்டக்கூடாது, அவ்வளவுதான். தாத்தா வாங்கிய வீடு பேரனுக்கு வந்திருந்தாலும் இது பொருந்தும். மாசி வீதிகளில் பழைய வீட்டை விற்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிவதேயில்லை. பழைய விலையையே காட்டிக் கூடுதல் வரி கட்டிய பிறகு கேள்விப்பட்டு வருந்துகிறார்கள். இதை விளக்கித் தமிழில் தனிப் பக்கம் எழுதியிருக்கிறேன். கூகுளில் மக்கள் இதை எந்தச் சொற்களால் தேடுவார்கள்? தலைப்பு எப்படி இருக்க வேண்டும்?

ஒத்தக்கடை, திருமங்கலம், மேலூர் என்று ஊருக்கொரு பக்கம் வைப்பது பயன் தருமா? பெயர், சர்வே எண்ணை மறைத்து ஒரு மாதிரி அறிக்கையைப் போடவும் எண்ணம். கட்டணத்தை வெளிப்படையாகப் போடுவதே நியாயம் என்பது என் கருத்து, கூட்டாளி தயங்குகிறார். சேவைத் தொழிலில் கட்டணத்தைத் தளத்தில் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.