காமா செக்ரடேஸ்: பேண்ட் வருது, வேலை நடக்கலை

கேள்வி (கிருஷ்ணகிரி): காமா செக்ரடேஸ் (அமிலாய்டு பீட்டாவை வெட்டி உண்டாக்குற என்சைம்) வேலை செய்யுதான்னு பார்க்க, ஹெக் 293 (மனித சிறுநீரக செல் வகை) செல் சவ்வை 1% ட்ரைட்டான் எக்ஸ்-100 டிடர்ஜென்ட்டில் கரைச்சேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடி வெச்சு புரதத்தைப் பேண்டா காட்டுற சோதனை) இந்த என்சைமோட பாகமான பிரசெனிலின் பளிச்சுனு தெரியுது. ஆனா அது வெட்ட வேண்டிய சி100 புரதத் துண்டைப் போட்டா அமிலாய்டு பீட்டா (அல்சைமர் நோயில் மூளையில் படியுற புரதத் துண்டு) துளியும் இல்லை. சவ்வு பெங்களூர்லேர்ந்து ஓசூர் வழியா தெர்மாகோல் பெட்டியில், ஐஸ்ல வந்தது. வழியில கெட்டிருக்குமா?

பதில் 1: ஓசூர் ரோட்டைத் திட்டாதீங்க, குற்றவாளி ட்ரைட்டான். பிரசெனிலின், நிகாஸ்ட்ரின், ஏபிஎச்-1, பென்-2 நாலு புரதமும் சேர்ந்திருந்தாத்தான் காமா செக்ரடேஸ் என்சைமா வேலை செய்யும். ட்ரைட்டான் அந்தக் கூட்டைப் பிரிச்சிடும். பேண்ட் புரதம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். கூட்டைப் பிரிக்காத டிடர்ஜென்ட்டான சேப்சோவுக்கு (1%) மாறுங்க. கரைசலில் 50 மில்லிமோலார் ஹெப்பீஸ் பஃபர் பிஎச் 7.0, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு தலா 5 மில்லிமோலார். ஐஸில் 1 மணி நேரம், அப்புறம் 1,00,000 ஜி-யில் 1 மணி நேரம். மேல் திரவத்தை எடுங்க. வினைக்கு முன்னாடி சேப்சோவை 0.25% ஆக்குங்க. இங்கதான் பலர் சறுக்குவாங்க: 1%-லயே விட்டா ஆக்டிவிட்டி படுத்திடும். பாஸ்படிடைல்கோலின் (சவ்வுக் கொழுப்பு) 0.1% சேருங்க, 37 டிகிரியில் 4 மணி நேரம் வைங்க.

பதில் 2: ஒப்பிட்டுப் பார்க்க, 10 மைக்ரோமோலார் டாப்ட் (காமா செக்ரடேஸைத் தடுக்குற பொருள்) போட்ட குழாயும், 4 டிகிரியில் வெச்ச குழாயும் கட்டாயம். இல்லாட்டி வர்ற சிக்னல் எதோடதுன்னே தெரியாது. இன்ஹிபிட்டர் காக்டெய்லில் (புரதம் சிதையாம இருக்கச் சேர்க்குற தடுப்பான் கலவை) பெப்ஸ்டாட்டின் இருக்கான்னு லேபிளைப் பாருங்க; அது ஆஸ்பார்டைல் புரோட்டியேஸ் வகை என்சைம்களைத் தடுக்கும். காமா செக்ரடேஸும் அந்த வகைதான்.

பதில் 3: உண்டான அமிலாய்டு பீட்டாவை இன்சுலின் சிதைக்கும் என்சைமும் தின்னும். 5 மில்லிமோலார் 1,10-பெனாந்த்ரோலின் போட்டா அது அடங்கும். சவ்வை சின்னச் சின்ன பங்கா பிரிச்சு மைனஸ் 80 டிகிரியில் வைங்க. கரண்ட் போய் உருகினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க.