மூன்று பக்கம் கூடுதல்

குழு: அக்கா தங்கை வீடு

*செவ்வாய், இரவு*

அம்மா: நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். வாசகர் வட்டமாம், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. சேரலாமா என்று ஒரு யோசனை.

நான்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே.

அம்மா: எல்லாரும் நிறையப் படித்தவர்களாக இருப்பார்கள். நான் போய் என்ன பேசுவது?

சித்தி: தொடர் முடிந்ததும் எனக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் அலசுகிறாயே அக்கா, அது என்னவாம்?

அம்மா: அது வேறு 😄

தம்பி: அதேதான் அம்மா. நடுவில் விளம்பரம் வராது, அவ்வளவுதான்.

நான்: நான் இங்கே இரண்டு வருடமாகப் போகிறேன், கேள். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவோம். நூலகரோ பழைய உறுப்பினர் ஒருவரோ கேள்வி எடுத்துக் கொடுப்பார். ஒன்றரை மணி நேரம். பேசு பேசு என்று யாரும் பிடுங்க மாட்டார்கள். முதல் இரண்டு கூட்டமும் நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

தம்பி: நீயா? சாட்சி உண்டா?

அம்மா: புத்தகத்தை நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

நான்: நூலகத்துக்கு நூலகம் வழக்கம் மாறும். இங்கே ஒரே புத்தகத்தில் பல பிரதிகளை வட்டத்துக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். ஓர் உள்விஷயம் சொல்கிறேன். எந்தப் புத்தகம் என்பதை ரசனை பாதிதான் முடிவு செய்கிறது. மீதிப் பாதி, எத்தனை பிரதி கிடைக்கும் என்பது. அதனால்தான் நேற்று வெளிவந்த புத்தகம் எங்களிடம் வருவதே இல்லை.

*புதன், மாலை*

அம்மா: பெயர் கொடுத்தாயிற்று. கையோடு நாவலையும் தந்துவிட்டார்கள். 412 பக்கம்! எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.

தம்பி: மின்நூல் இருக்கிறதா என்று கேள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒலிநூல் என்றால் இன்னும் வசதி.

அம்மா: கேட்டேன், இதற்கு இரண்டும் இல்லையாம். அப்புறம் ஒரு வேடிக்கை. எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். 21ஆம் பக்க ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதியிருக்கிறார்.

சித்தி: யார் சொன்ன பொய்?

அம்மா: கதாநாயகன் சொன்னதுதான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான்: நீயும் பென்சிலை எடுத்துவிடாதே! துண்டுத் தாள் சொருகி வை. கூட்டத்தில் பக்கத்தைத் தேடித் தடுமாற வேண்டாம்.

*அடுத்த வாரம், வியாழன்*

அம்மா: இந்தப் புத்தகம் எனக்கு ஓடவில்லை. சனிக்கிழமை போகப் போவதில்லை.

நான்: நான்சி பேர்ல் என்று ஒரு நூலகர். சியாட்டில் நகரம் முழுக்க ஒரே புத்தகத்தைப் படித்துப் பேசும் திட்டத்தை 1998இல் தொடங்கியவர். அவரிடம் ஒரு கணக்கு உண்டு. 50 பக்கம் படி, பிடிக்கவில்லையா, மூடி வை. 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். மிச்சம் வருகிற பக்கம் போதும்.

சித்தி: அக்காவுக்கு 62. அப்படியானால் 38 பக்கம்.

அம்மா: நான் 41இல் இருக்கிறேன். மூன்று பக்கம் கூடுதலாகவே படித்துவிட்டேன்!

தம்பி: 100 வயது ஆனவர்கள்?

நான்: அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம். அதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

நான்: ஆனால் அம்மா, புத்தகத்தை மூடலாம் என்பதற்காகக் கூட்டத்துக்கே போகாமல் இருக்காதே. ‘இங்கே நிறுத்திவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால்தான் எங்கள் வட்டத்தில் பேச்சே சூடு பிடிக்கும். எல்லாருக்கும் பிடித்த புத்தகம் என்றால் அரை மணியில் கொட்டாவி வந்துவிடும்.

அம்மா: யாராவது சண்டைக்கு வந்தால்?

சித்தப்பா: பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல் பிலடெல்பியாவில் நண்பர்களைச் சேர்த்து ‘ஜன்டோ’ என்று ஒரு விவாதக் குழு நடத்தினார். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். தான் சொல்வதே முடிந்த முடிவு என்று பேசினாலோ, அடுத்தவரை நேருக்கு நேர் மறுத்தாலோ சிறு அபராதம் உண்டு. அந்தக் கூட்டாளிகளோடுதான் 1731இல் சந்தா நூலகமும் தொடங்கினார்.

சித்தி: நல்லவேளை, நம் வீட்டில் அந்த அபராதம் இல்லை. இருந்திருந்தால் நீங்கள் எப்போதோ கடனாளி.

சித்தப்பா: இதை நான் முற்றிலும் மறுக்கிறேன்.

தம்பி: அபராதம்! 😂😂

*சனி, இரவு*

நான்: என்ன ஆயிற்று? போனாயா இல்லையா?

சித்தி: அக்கா?

அம்மா: போனேன். ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு வரி சொல்லச் சொன்னார் நூலகர். என் முறை வந்ததும், 41ஆம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். அவன் விடிகிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். அம்மாக்காரி தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்கிறாள். அடுத்த வரியில் ரயில் வந்துவிடுகிறது. அவள் எப்போது கதவைச் சாத்தினாள், உள்ளே போய் என்ன செய்தாள், ஒரு சொல் கிடையாது. அவளை அங்கே விட்டுவிட்டு எனக்கு ரயிலில் ஏற மனம் வரவில்லை என்றேன்.

தம்பி: அம்மா 👏

அம்மா: இரு, இன்னும் இருக்கிறது. முழுசாகப் படித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டினார்கள். கதவு இருந்ததையே கவனிக்கவில்லை என்றான் ஒரு பையன். அதை எழுதாமல் விட்டதுதான் அழகு என்றார் ஓர் அம்மாள். எனக்கு ஒப்பவில்லை, அதையும் சொல்லிவிட்டேன். இருபது நிமிடம் அந்த வாசலிலேயே போய்விட்டது. மூலையில் இருந்தவர் ‘பின்னால் அவள்...’ என்று ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

நான்: ஏன்? நீதான் நிறுத்திவிட்டாயே!

அம்மா: சும்மா இருடி. அந்தப் பென்சில்காரர் யாரென்றுதான் கடைசி வரை தெரியவில்லை. எல்லார் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

*ஞாயிறு, இரவு 11:20*

சித்தி: அக்கா, மூன்று முறை போன் போட்டுவிட்டேன். உடம்பு சரியில்லையா?

அம்மா: 163ஆம் பக்கம். அவள் இன்னும் வரவில்லை. நாளைக்குப் பேசுகிறேன்.