4 கிலோ 200 கிராம் மல்லிகை இரட்டிப்பான கதை: டைம்அவுட் ஆன கோரிக்கையை மறுபடி அனுப்பியவர்களின் அனுபவங்கள்

பூமார்க்கெட்

இரண்டு வருடமாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். கசாண்ட்ரா தரவுத்தளம், 3 நோடு (சர்வர்), ஒவ்வொரு தரவுக்கும் 3 பிரதி, குவோரம் (பெரும்பான்மைப் பிரதிகள் ஒப்புக்கொண்டால் போதும்). விவசாயி வாரியாக அன்றைய எடை கிராம் கணக்கில், தரவுத்தளத்தில் கவுண்டர் என்ற கூட்டல் எண்ணில் கூடிக்கொண்டே போகும். கோரிக்கை தோற்றால் மூன்று முறை வரை மறுபடி அனுப்பும் லூப் ஒன்றை நானே எழுதியிருந்தேன்.

தை மாதம், முகூர்த்த நாள். வரத்து குறைவு, விலை உச்சத்தில். விடிவதற்கு முன்பே ஒரு நோடு மூச்சுத் திணற ஆரம்பித்தது. டிரைவர் (மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நிரல்) 2 விநாடி காத்துவிட்டுக் கைவிட்டது, அதுதான் டைம்அவுட். சர்வரோ கவுண்டரில் எழுதுவதற்கு 5 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. என் லூப் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை கூட்டச் சொன்னது. கூட்டிவிட்டது.

பத்து மணி வாக்கில் திருமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர் திரும்பி வந்தார். ஒரு கையில் தராசுக்காரர் பென்சிலால் எழுதிய சீட்டு, பூ ஈரத்தில் ஊறி ஓரம் பிய்ந்திருந்தது. மறு கையில் பணம், எங்கள் பிரிண்டர் ரசீதோடு சுருட்டியபடி. “தம்பி, நான் போட்டது நாலு கிலோ இருநூறு. எட்டு கிலோ நானூறுக்குப் பணம் தந்திருக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள்” என்று இரண்டையும் கல்லாப் பலகையில் வைத்தார். நான் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மென்பொருள் சொன்ன பொய்யைத் திருத்த அவர் பஸ் ஏறித் திரும்பி வந்திருக்கிறார்.

மற்றவர்கள் கணக்கைத் தராசுச் சீட்டோடு ஒப்பிட்டு முடிக்க நான்கு நாள் ஆயிற்று.

வடபழஞ்சி

அண்ணன், உங்கள் கதை நெஞ்சைத் தொட்டது. ஆனால் இதைப் படிப்பவர்கள் மறுமுயற்சியே ஆபத்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தோல்விகள் எல்லாம் ஒரே வகை அல்ல. போதுமான பிரதிகள் உயிரோடு இல்லை என்று கசாண்ட்ரா சொன்னால், அது எழுதத் தொடங்கும் முன்பே மறுத்துவிட்டது என்று பொருள். மறுபடி அனுப்பலாம், கணக்கு இரட்டிக்காது. டைம்அவுட் என்றால் நடந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. டிரைவரின் வழக்கமான கொள்கை இதனால்தான் டைம்அவுட் ஆன கவுண்டர் கோரிக்கையைத் தானாக மறுபடி அனுப்புவதில்லை. நீங்கள் அதற்கு மேல் ஒரு லூப்பைச் சுற்றிவிட்டீர்கள்.

எனக்கு நடந்தது சின்னது. படிப்பது மட்டும்தானே என்று ஒரு அறிக்கைக் கோரிக்கையைக் கணக்கில்லாமல் மறுபடி மறுபடி அனுப்ப விட்டிருந்தேன். படிப்பதால் தரவு கெடவில்லை, நோடுகள் சேர்ந்த க்ளஸ்டர்தான் படுத்துவிட்டது.

டவுன்ஹால்_ரோடு

வடபழஞ்சி சொன்ன கடைசி வரிதான் என் கதையும். சித்திரைத் திருவிழா, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள் மாலை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் முன்பதிவு. அப்போது கூட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திரையில் 3 முயற்சி, நடுவில் இருந்த சேவையில் 3, தரவுத்தள அடுக்கில் 3. தனித்தனி ஆட்கள் எழுதியது, யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு அழுத்தத்துக்கு 27 கோரிக்கை. தடுமாறிய நோடை நிறுத்தி மறுபடி ஏற்றினோம். காத்துக்கிடந்த கோரிக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் பாய்ந்து ஒரு நிமிடத்துக்குள் அதை மறுபடி சாய்த்தன.

வரவேற்பு மேசைக்கு எதிரே ஒரு குடும்பம் நின்றது. அப்பாவின் தோளில் குழந்தை வாய் திறந்தபடி தூங்குகிறது. அறை காலியாக இருக்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மேலாளர் நோட்டைத் திறந்து கையால் எழுதிக்கொண்டார்.

இப்போது ஒரே அடுக்கில்தான் மறுமுயற்சி வைத்திருக்கிறேன்.

உசிலை

பூமார்க்கெட் அண்ணன், கவுண்டரை விட்டுவிட்டு ஒவ்வோர் எடைக்கும் தனி வரிசை (ஒரு பதிவு) எழுதியிருக்கலாமே என்று சொல்ல வந்தேன். அதிலும் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்திருக்கிறேன். பால் கணக்கு. வரிசைக்கு வரிசை அடையாள எண் வைத்தேன், ஆனால் அந்த எண்ணை லூப்புக்கு உள்ளே உருவாக்கினேன். ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண், புது வரிசை. ஒரே கேன் பால் மூன்று முறை ஏறியது. ஒரே ஒரு வரியை லூப்புக்கு வெளியே நகர்த்தியதும் சரியானது.

திருநகர்

தம்பிகளா, என் கதை இரண்டே வரி. ஏலச்சீட்டுக் கணக்கு, காக்ரோச்டிபி தரவுத்தளம். 40001 என்ற பிழை (பரிவர்த்தனைகள் மோதிக்கொண்டன, மறுபடி செய் என்று பொருள்) வந்தபோது பரிவர்த்தனையைப் புதிதாகத் தொடங்கினேன். ஆனால் இருப்பை மறுபடி படிக்காமல், முன்பு படித்து வைத்திருந்த தொகையைக் கொண்டே கணக்கிட்டு எழுதினேன். நடுவில் வேறொருவர் கட்டிய தவணை அழிந்துபோனது. 40001 வந்தால் படிப்பது முதல் முழுப் பரிவர்த்தனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

டவுன்ஹால் தம்பிக்குச் சொல்கிறேன்: ஒரே அடுக்கில் வைத்தது நல்லது, அது மட்டும் போதாது. முயற்சிக்கு முயற்சி இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்: 100 மில்லி விநாடி, 200, 400 என்று. அதோடு குலுக்கல் முறையில் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றாகத் தோற்ற ஆயிரம் பேரும் ஒன்றாகவே திரும்பி வருவார்கள். தேர் இழுக்கிற கூட்டம் ஒரே சந்தில் நுழைகிற மாதிரி. மொத்தமாக எவ்வளவு நேரம் என்று ஒரு கெடுவும் வையுங்கள். ஆள் போன பிறகும் அவருக்காகச் சர்வரை உலுக்குவதில் பயனில்லை.

உசிலைத் தம்பி சொன்ன அடையாள எண்தான் எல்லாவற்றுக்கும் வேர். மாங்கோடிபி தரவுத்தளம் 2017-இல் 3.6 பதிப்பில், எழுதும் கோரிக்கையை மறுபடி முயலும் வசதியைக் கொண்டுவந்தபோது செய்ததும் அதுவே. டிரைவர் எழுதும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறது; அதே எண் மறுபடி வந்தால், ஏற்கெனவே செய்தாயிற்று என்று சர்வர் அடையாளம் கண்டுகொள்கிறது. அதுவும் வழக்கமாக ஒரே ஒரு முறைதான் மறுபடி முயலும். நிறைய பேர் பத்து, இருபது என்று வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

வடபழஞ்சி

திருநகர் ஐயா, ஒரு முறை போதும் என்பதை நான் ஏற்கவில்லை. நோடு மாறும் நேரத்தில் ஒரு முயற்சி போதாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அது இருக்கட்டும். பூமார்க்கெட் அண்ணன், அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

பூமார்க்கெட்

கடைக்காரர் கூடுதல் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார், பஸ் செலவுக்குத் தனியாகக் கொடுத்தார். அம்மா இன்றும் பூ போடுகிறார்.

உசிலை சொன்னதைத்தான் செய்தேன். எண்ணை நான் உருவாக்கவே வேண்டியிருக்கவில்லை. தராசுச் சீட்டுக் கட்டில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் எண் அச்சாகியிருந்தது. அந்த அம்மா பலகையில் வைத்த சீட்டிலும் இருந்தது, நான் எடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தராசுப் பையன் முதலில் தேதியையும் சிவப்பு எண்ணையும் தட்டுகிறான், பிறகு எடையை. தேதியும் எண்ணும் சேர்ந்ததுதான் வரிசையின் சாவி, அதாவது அடையாளம். நெட்வொர்க் இழுத்தால் அதே வரிசை மூன்று முறை போகிறது, ஒரு வரிசையாகவே நிற்கிறது. போன முகூர்த்தத்தில் டைம்அவுட் வந்தது. மாலையில் சீட்டுக் கட்டை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.