கொண்டோல (அடுக்குமாடி வீட்டுல) சார்ஜர் இல்ல, ஈ.மாஸ் 5 மின்சாரக் கார் எடுக்கலாமா?

செந்தூல்காரன்: என் மைவி காருக்கு 14 வயசாச்சு, ஏர்கோன் போட்டா மேட்டுல முக்குது. புரோட்டோன் ஈ.மாஸ் 5 வந்ததுலேர்ந்து வீட்டுக்காரம்மா அதே பேச்சுதான். வேல கேஎல் (கோலாலம்பூர்) பங்சார்ல, போக வர 20 கிலோமீட்டர். ஆனா கொண்டோ மேனேஜ்மெண்ட்ட சார்ஜர் கேட்டா "மீட்டிங்ல பேசலாம்"னு ஒரு வருஷமா இழுக்குறாங்க. என்ன பண்ண?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: எடு தம்பி. பெரிய பேட்டரி 40 கிலோவாட் அவர், கம்பெனி கணக்குல ஒரு ஃபுல் சார்ஜுக்கு 325 கிலோமீட்டர், உன் ஓட்டத்துக்கு வாரம் ஒருக்கா மால்ல சாமான் வாங்குறப்ப போட்டா போதும். நான் தங்கச்சி வீட்டுல மூணு முள் பிளக்ல போட்டேன், மணிக்கு ரெண்டு கிலோவாட் அவர்தான் ஏறுது, ராத்திரி முழுக்க போட்டும் பாதிதான்.

லோரிக்கார மாமா: டவுனுக்கு சரிலா. தீபாவளிக்கு பட்டர்வொர்த் போவியே, 350 கிலோமீட்டர், ஹைவேல 110ல மிதிச்சா கம்பெனி சொன்ன கணக்கெல்லாம் வராது, வழியில ஓய்விடத்துல (ஆர்&ஆர்) சார்ஜருக்கு கியூ வேற, புள்ளைங்க கத்தும். மைவிய விக்காத.

செந்தூல்காரன்: மாமா, மாமியார் வீடே பட்டர்வொர்த்துதான் 😭