புதுப்பிப்பு: 256 கோர்ல ஓட்டுனாலும் வேகம் கூடலன்னு பொலம்புனேன்லா, காரணம் சிக்கிட்டு

மக்கா, போன மாசம் போட்டிருந்தேன்லா, தாமிரபரணி வெள்ளத்த கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுத மாடல 64 கோர்லருந்து (கோர்னா ப்ராசஸர்ல தனியா கணக்குப் போடுத ஒரு பகுதி) 256க்கு ஏத்துனாலும் வேகம் கூட மாட்டேங்குன்னு. பாதிப்பேரு நெட்வொர்க்தான்னு சொன்னிய. அது பாவம், அதுமேல தப்பே இல்ல.

பாளையங்கோட்டையில வீட்டுல இருந்தே ஆன்லைன் ட்ரெய்னிங் ஒண்ணு பாத்தேன், அதுல ஸ்கோர்-பி (எந்த ஃபங்ஷனுக்கு எவ்வளவு நேரம் போவுதுன்னு அளக்குற டூல்) போட்டு கம்பைல் பண்ணி ஓட்டச் சொன்னாவ. மொத ரன்லயே கோட் ஆமையாயிட்டு, ஏன்னா குட்டிக்குட்டி ஃபங்ஷனையெல்லாம் அது அளக்கும், அளக்குற செலவே வேலையவிட கூடிப்போவும். ஃபில்டர் ஃபைல் எழுதி அதுகள ஒதுக்குன பொறவுதான் சரியாச்சு. இது தெரியாம முன்னாடி ஒருக்கா டூலே வேஸ்ட்டுன்னு தூக்கிப்போட்டவன் நான், கூமுட்டை.

பொறவு ஸ்கலாஸ்கா (ஜெர்மனி யூலிஷ்ல செஞ்சது, சும்மாவே கெடைக்கும்) வச்சு ட்ரேஸ, அதாவது எது எப்போ ஓடுச்சுங்கிற பதிவ, அலசுனா, முக்காவாசி நேரம் எம்பிஐ ஆல்ரெடியூஸ்ல (எல்லா ப்ராசஸும் அதது விடைய ஒண்ணாச் சேக்குற எடம்) காத்துக் கெடக்கு! நான் ஓட்டுதது 2023 டிசம்பர் மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அதான். க்ரிட்ட (நிலத்த கட்டங்கட்டமா பிரிச்சது) சமமா வெட்டி ரேங்க்குக்கு (ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள நம்பர்) ஒரு துண்டா குடுத்து வச்சிருந்தேன், ஆத்தங்கரை ரேங்க்குக்கு மூச்சுமுட்ட வேலை, தண்ணி ஏறாத தேரிக்காட்டு ரேங்க் சும்மா இருக்கு, ஆனா ஒவ்வொரு டைம்ஸ்டெப்புக்கும் (மாடல் நேரத்த ஒரு அடி நகத்துதது) எல்லாரும் கூடணும்லா, பந்தியில கடைசி ஆளு வாறவரைக்கும் எலயப் போட்டுட்டு ஒக்காந்திருந்த கததான்.

இப்போ ஈர செல்லுக்கு (தண்ணி உள்ள கட்டம்) வெயிட் கூட்டி மெட்டிஸ்ல (வேலைய சமமா பங்கு போடுத டூல்) பிரிச்சிட்டேன், 256ல நல்லாவே ஓடுது. தண்ணி நகர நகர மறுபடி பிரிக்கணும், அது பாக்கி. ஃபில்டர் ஃபைல் வேணுங்கிறவிய கேளுங்க, போடுதேன்.